நியதியும் நம் உரிமையும்



மனிதன் தன் விருப்பத்தால் ஒரு செயலைச் செய்கின்றானா, அன்றி முன்னமே வகுக்கப்பட்ட ஒன்று அவன் வாயிலாக நிகழ்ந்து கழிகின்றதா என்னும் வினா திருக்கோயிலுக்கு வருவோர் பலருடைய உள்ளத்திலும் கிடப்பது. வாய்விட்டுக் கேட்பவர் சிலரே. எல்லாம் விதிப்படியே நடக்கும் எனின் வழிபாடும் நோன்பும் தேர்வடம் பிடித்தலும் எதன்பொருட்டு? எல்லாம் என் கையிலேயே உள்ளது எனின் திருவருள் எதன்பொருட்டு? இரண்டு பக்கமும் கூர்மையுடைய இவ்வினாவை நம் முன்னோர் அஞ்சி ஒதுக்கினாரல்லர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் இந்நாட்டில் இதுபற்றி வழக்காடியிருக்கின்றனர். அவ்வழக்கின் வரலாற்றை ஒருவாறு காண்பது இன்றைய நம் பொருள்.

இதன் தொடக்கத்தைக் காண மகத நாட்டிற்குச் செல்லவேண்டும். புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்திலேயே அங்கு மற்கலி கோசாலர் என்றொரு ஆசிரியர் இருந்தார். அவர் வழிவந்தோர் ஆசீவகர் எனப்பட்டனர். அவர்களுடைய மூலநூல்கள் ஒன்றும் இன்று எஞ்சவில்லை. மாற்றார் எழுதிவைத்தவற்றைக் கொண்டே அவர் கொள்கையை அறிகின்றோம். தோற்ற கட்சியின் சொல்லை வென்ற கட்சியின் ஏட்டில் படிக்கும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். ஆயினும் பௌத்தரும் சமணரும் தனித்தனியே கூறுவன பெரும்பாலும் ஒத்திருத்தலின் அடிப்படைக் கொள்கையை ஐயுற வேண்டுவதில்லை. நியதி என்பதே அக்கொள்கையின் உயிர்நாடி. உயிர்கள் மாசுறுதற்கும் தூய்மையுறுதற்கும் காரணம் ஒன்றுமில்லை. ஆற்றல், முயற்சி, வலிமை என்பன வெறுஞ் சொற்கள். மூடனும் அறிஞனும் வகுத்த பிறவிகளையெல்லாம் ஒரே வகையாகச் சுற்றித் தீர்த்தே வீடடைவர். இதற்கு அவர் தந்த உவமையைப் பௌத்தரின் சாமஞ்ஞபல சூத்திரம் குறிக்கின்றது. எறிந்த நூலுருண்டை தன்னிடத்துள்ள நூல் தீருமளவும் உருண்டு சென்று தீர்ந்தவிடத்து நிற்பதுபோல, உயிரும் தன் பிறவிக்கயிறு தீர்ந்தவிடத்து நிற்கும் என்பது அது. உருளுகின்ற உருண்டையை யாரும் விரைவுபடுத்தவும் முடியாது, தடுக்கவும் முடியாது.

இக்கொள்கையைப் பித்தர் கூற்றென்று தள்ளிவிடலாகாது. அதனைத் தழுவியோர் கடுந்தவம் புரிந்தனர். மௌரியப் பேரரசர் அசோகர் தம் ஆட்சியின் 12ஆம் ஆண்டில், கயைக்கு வடக்கேயுள்ள பராபர் குன்றில் கருங்கல்லைக் குடைந்து, கண்ணாடிபோல மெருகிட்ட குகைகளை ஆசீவகர்க்கு அளித்தார். அவர் பெயரர் தசரதர் அடுத்துள்ள நாகார்ச்சுனிக் குன்றில் மேலும் மூன்று அளித்தார். அக்கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. சிலவற்றில் ஆசீவகர் என்னும் பெயரைமட்டும் பின்வந்த யாரோ உளியாற் சிதைத்திருக்கின்றனர். முயற்சி பயனற்றது என்றவர்களின் பெயரை அழிக்க ஒருவர் எவ்வளவு முயன்றிருக்கின்றார்!

இக்கொள்கைக்கு எதிராக எழுந்த தடைகளுள் மிக எளியதும் மிக வலியதும் சமணர் நூலாகிய உவாசகதசாவில் உள்ளது. போலாசபுரம் என்னும் ஊரில் சத்தாலபுத்திரன் என்றொரு குயவன் இருந்தான். ஆசீவக சமயத்தில் உறுதியான பற்றுடையவன். ஒருநாள் மகாவீரர் அவன் பட்டறைக்கு வந்தபோது பானைகளை வெயிலில் உலர வைத்துக்கொண்டிருந்தான். இவை எவ்வாறு உண்டாயின என்று அவர் வினவினார். மண்ணை நீரிற் குழைத்துச் சாம்பலும் சாணமும் கலந்து திரிகையில் ஏற்றியதை அவன் சொன்னான். முயற்சியால் ஆயினவா, முயற்சியின்றி ஆயினவா என்று அடுத்து வினவினார். தன் சமயத்திற்கு மாறு சொல்ல மனமின்றி, முயற்சி என்பதே இல்லை, எல்லாம் நியதி என்றான் அவன். அப்படியாயின் ஒருவன் இப்பானைகளைத் திருடினாலும் உடைத்தாலும், உன் மனைவியிடத்துத் தகாதது செய்தாலும் நீ என் செய்வாய் என்றார் மகாவீரர். அடிப்பேன், கட்டுவேன், கொல்வேன் என்று துள்ளினான் குயவன். எல்லாம் நியதியாயின் அவன் திருடவுமில்லை, நீ அடிப்பதற்குக் காரணமுமில்லை. அவன்மேல் நீ சினங்கொள்வாயாயின் நியதி என்று நீ சொன்னது பொய்யாகும் என்று அவர் முடித்தார். சத்தாலபுத்திரன் தெளிந்தான் என்று நூல் கூறுகின்றது.

நாம் சமணரோடு பல இடங்களில் மாறுபடுகின்றோம். ஆயினும் இவ்விடத்தில் அவர் கேட்ட கேள்வி நம் கேள்வியே. பிறர் செய்த தீமைக்குச் சினங்கொள்ளும்போது அவர்க்கு உரிமை உண்டென்று ஒப்புகின்றோம். தாம் செய்த தீமைக்கு விடைகூறும்போது விதியைத் துணைக்கழைக்கின்றோம். இந்த இரட்டை வழக்கு அக்குயவனோடு ஒழிந்துவிட்டதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம்.

ஆசீவகம் வடநாட்டில் மெலிந்த பின்னரும் தமிழகத்தில் நெடுங்காலம் நிலைத்தது என்பதை ஆராய்ச்சியாளர் பாஷம் 1951இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகக் காட்டினார். கண்ணகியின் தந்தை மாநாய்கன் தன் மகளுக்கு நேர்ந்ததைக் கேட்டு, உள்ள பொருளையெல்லாம் ஆசீவகர்க்கு ஈந்து துறவு பூண்டான் என்று சிலப்பதிகாரம் சொல்லும். மகள் வாழ்வு இவ்வாறு முடிந்ததைக் கேட்ட தந்தை ஒருவன், இது யார் பிழையும் அன்று, நியதி என்னும் சமயத்திற் சென்று ஆறுதல் தேடினான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஊழ்க்கொள்கை சோம்பேறிகளுக்கு மட்டும் இடங்கொடுத்ததன்று. தாங்கவொண்ணாத் துயருற்றவர்க்கும் அது ஒரு திண்ணையாக இருந்தது. ஆற்றுவெள்ளம் இழுத்த வழியே செல்லும் மிதவை போல்வது உயிர் என்று புறநானூற்றிற் பாடிய கணியன் பூங்குன்றனாரையும் ஆசீவகச் சார்புடையார் என்று கருதுவார் உளர். அதனை உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அவ்வுவமையினின்று அவர் கண்ட முடிபு சோம்பல் அன்று. பெரியோரை வியத்தலும் வேண்டா, சிறியோரை இகழ்தலும் வேண்டா என்னும் நடுவுநிலையே ஆகும்.

திருவள்ளுவர் இவ்வழக்கை இரண்டு அதிகாரங்களில் இரண்டு பக்கமும் நின்று பேசினார். அறத்துப்பாலின் இறுதியில், 38ஆம் அதிகாரமாக, ஊழின் வலிமையைச் சொல்லி, அதை விலக்க எண்ணிச் சூழ்ந்தாலும் அதுவே முந்திவந்து நிற்கும் என்றார். பொருட்பாலில் 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில் தளராது முயல்வோர் அந்த ஊழையே புறங்காட்டச் செய்வர் என்றார். இது முரண் என்பாரும் உளர். ஊழின் வலிமையை அறிந்தவனே அதனோடு போர் தொடுக்கத்தக்கவன். பகைவன் வலியறியாது களம்புகுவோனை யாரும் வீரன் என்னார். அவ்வளவில் இது முரணன்று என்பது எம் கருத்து.

இனி நம் சமயத்திற்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் திருக்கொடிமாடச்செங்குன்றூருக்கு, இன்றைய திருச்செங்கோட்டிற்கு, எழுந்தருளினார். பனிக்காலம். உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிக்கொண்டது. இக்காலத்தில் இந்நோய் வருதல் இந்நிலத்தின் இயல்பு என்று அவரிடம் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகின்றார். இயல்பு என்றதும் அமைந்துவிடுதலே உலக வழக்கு. பிள்ளையார் அமைந்திலர். அன்று அவர் அருளிய திருநீலகண்டப் பதிகத்தின் முதற்பாட்டே நம் வினாவிற்கு விடையாக அமைந்தது. அந்த வினைக்கு இந்தத் துன்பம் என்று கணக்குச் சொல்பவர்களே, அதிலிருந்து உய்யும் வழியை நாடாதிருத்தல் உங்களுக்குக் குறையன்றோ என்று கேட்டு, கையால் தொண்டு செய்து இறைவன் கழலைப் போற்றுவோம், செய்த வினை நம்மைத் தீண்டாது என்று ஆணையிடுகின்றார். சுரம் அடியாரைமட்டும் அன்றி அந்நாட்டையே விட்டு நீங்கிற்று என்பது பெரியபுராணம்.

இப்பதிகத்தின் கூர்மையைப் பலர் உணர்வதில்லை. வினைக்கொள்கையைப் பிள்ளையார் மறுத்தாரல்லர். வினை உண்டு, அதன் பயனும் உண்டு. ஆனால் நோயுற்றுக் கிடப்பவன் முன் நின்று, இது நீ செய்த வினை என்று சொல்லிவிட்டுப் போவது அக்கொள்கையின் பயன் அன்று என்கிறார். பிறர் துன்பத்தை விளக்கிவிடுதலால் நம் கடமை தீர்ந்துவிடாது. வினைக்கொள்கை தன்னைத் திருத்திக்கொள்ள ஒருவன் கையில் கொடுத்த கண்ணாடி. அதை எறிபடையாக்கி எளியோரை, நோயாளரை, கைம்பெண்டிரை, தாழ்த்தப்பட்டோரை அடித்த கொடுமை நம் நாட்டில் மிகுதியும் நிகழ்ந்தது. சைவத்தின் பெயராலும் நிகழ்ந்தது. அதற்கு நம் பரமாசாரியர் வாக்கில் இடமில்லை. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது ஊரார் வினை என்று சொல்லிச் சம்பந்தரும் அப்பரும் வாளாவிருந்தனரா? நாள்தோறும் இறைவனிடம் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர். அங்கும் ஒரு நுட்பம். அப்பர் பெற்ற காசு குறைவின்றிச் செலாவணியாயிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கு வட்டம் கேட்டனர். அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் என்பதே அதற்குச் சேக்கிழார் கூறும் காரணம். திருச்செங்கோட்டில் கைத்தொண்டு செய்வோம் என்று பாடிய பிள்ளையார்க்கே கைத்தொண்டின் பெருமையைப் பெருமான் ஒருமுறை காட்டிவைத்தான் போலும்.

இவ்வளவும் அருளாளர் வாழ்விற் கண்டது. இதற்குத் தருக்க முறையில் விளக்கந் தந்தவர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய மெய்கண்டாரும் அவர் மரபினரும் ஆவர். அக்காலத்திலும் ஆசீவகம் முற்றும் மறைந்திலது. வடவார்க்காட்டுப் பகுதியிலும் கோலார்ப் பகுதியிலும் கிடைத்த கல்வெட்டுகளில் வரிகளை எண்ணும்போது ஆசுவிமக்கள் மேல் இட்ட காசு ஒன்று வருகின்றது. அது ஆசீவகரையே குறிக்கும் என்று பாஷம் கொண்டார். அருணந்தி சிவாசாரியரும் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் மறுக்கின்ற பதினான்கு கொள்கைகளுள் ஆசீவகத்தையும் ஒன்றாக வைத்தார். ஆனால் அங்கு வரும் ஆசீவகன் பெரிதும் சமணச் சாயல் ஏறியவனாய் இருக்கின்றான். மற்கலியின் பழைய நியதிவாதம் அவன் வாயில் அத்துணை ஒலிக்கவில்லை.

பழைய நியதிவாதத்தின் சுவட்டை நாம் காணவேண்டிய இடம் வேறு. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக்கணக்கர் திறம் கேட்டபோது ஆசீவகவாதி சொன்னதாக ஒரு செய்தி வருகின்றது. பெறுதல், இழத்தல், இடையூறு, இன்ப துன்பம், பிறப்பு, இறப்பு ஆகிய இவையெல்லாம் உயிர் கருவிற் படும்பொழுதே கலந்துவிடும் என்பது அது. சமணருடைய பகவதி சூத்திரமும் கோசாலர் பேறு, இழவு, இன்பம், துன்பம், வாழ்வு, சாவு என்னும் ஆறினைத் தவிர்க்கவொண்ணாதன என்றதாகக் கூறும். இப்பொழுது சித்தியார் சுபக்கத்தின் இரண்டாஞ் சூத்திரத்தைப் புரட்டுங்கள். ஆக்கமும் இழப்பும் இன்பமும் நோயும் முதுமையும் சாவுமாகிய ஆறும் கருவிலேயே அமைந்தன என்று அருணந்தி சிவாசாரியர் அருளியிருப்பதைக் காண்பீர்கள். எண்ணும் ஆறு, இடமும் கரு. ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டு இடைவெளியில் அப்பட்டியல் மகதத்திலிருந்து திருத்துறையூர் வரை வந்திருக்கின்றது!

அப்படியானால் நம் ஆசாரியர் ஆசீவகர் கொள்கையை ஏற்றுக்கொண்டாரா? இல்லை. பட்டியலை வாங்கிக்கொண்டு அதன் வேரை மாற்றிவிட்டார். ஆசீவகன், கருவில் வகுத்தது நியதி, அதற்குக் காரணம் இல்லை என்றான். சித்தியார், கருவில் வகுத்தது முன்னை நீ செய்த செயல். இன்று நீ உயிர்களுக்குச் செய்யும் நன்மையும் தீமையும் இனிவரும் கருவுக்குச் செல்லும் என்கின்றது. உழவன் விளைத்த நெல் இன்றைக்கு உணவாகவும் வருங்காலத்திற்கு விதையாகவும் ஆதல்போல என்பது அதற்கு நம் நூல்கள் தரும் உவமை. உண்பது பழைய விளைச்சல், அதில் மாற்றமில்லை. விதைப்பது இன்றைய செயல். நூலுருண்டை ஓடித் தீரும் உலகில் விதைப்பு என்பதற்கே இடமில்லை.

இன்னும் வியப்பான ஒன்றுண்டு. நியதி என்னும் அச்சொல்லையே நம் சித்தாந்தம் வீசி எறியவில்லை. முப்பத்தாறு தத்துவங்களுள் வித்தியாதத்துவம் ஏழு. அவற்றுள் ஒன்றின் பெயர் நியதி. அதன் வேலை, அவரவர் செய்த வினையின் பயன் பிறரிடம் போகாமல் அவரவரிடமே சேருமாறு நிறுத்துதல். அரசன் ஆணை என்று அதற்கு உவமை சொல்லுவர். ஆசீவகரிடத்தில் உலகம் முழுவதையும் ஆண்ட பேரரசன் சைவத்தில் ஒரு கணக்கன் ஆனான்! அவனோடு ஒரே வரிசையில் கலையும் வித்தையும் அராகமும் நிற்கின்றன. ஆணவம் என்னும் இருளில் அறிவும் செயலும் விருப்பமும் அற்றுக்கிடந்த உயிர்க்குக் கலை அவ்விருளைச் சிறிது விலக்கிச் செயலாற்றலை எழுப்பும். வித்தை அறிவாற்றலை எழுப்பும். அராகம் விழைவை எழுப்பும். செயலும் அறிவும் விழைவும் உயிர்க்கு இல்லாதன அல்ல, மூடிக்கிடந்தன. நியதி ஒன்றே இருந்திருந்தால் ஆசீவகனே வென்றிருப்பான்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். பழைய வினை இன்ப துன்பத்தைமட்டுமா தருகின்றது, விருப்பு வெறுப்பையும் அன்றோ தருகின்றது? அவ்விருப்பு வெறுப்பால் எழும் புதுச்செயலும் பழைய வினையின் விளைவே எனின் விதைக்கும் கையும் விதியின் கை ஆகாதோ? இவ்வினா மிகக் கடியது. நியதிவாதி கேட்கக்கூடிய கேள்விகளுள் இதனினும் வலியது இல்லை. இதற்கு விடை, உயிரின் இயல்பு பற்றி மெய்கண்டார் கண்ட ஒன்றில் உள்ளது. உயிர் சத்தும் அன்று அசத்தும் அன்று, சதசத்து. சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. இருளைச் சார்ந்தால் இருளாகும், ஒளியைச் சார்ந்தால் ஒளியாகும் கண்போல்வது. உயிருக்குத் தானே ஒளி வீசும் உரிமை இல்லை. எதனைச் சார்வது என்னும் உரிமை உண்டு. அதுவும் எல்லா நிலையிலும் ஒரே அளவாக இல்லை. இருள் விலகிய அளவே உரிமை. நள்ளிரவில் சிறுவிளக்கு வைத்திருப்பவன் அதன் ஒளிவட்டத்துக்குள் எங்கு அடிவைப்பது என்று தெரிந்து வைக்கலாம். வட்டத்துக்கு வெளியே தடுமாறவே செய்வான். விளக்கு வளர வட்டமும் வளரும். மனிதனுக்கு உரிமை உண்டா இல்லையா என்று ஆசீவகனும் அவனை மறுத்தவரும் வழக்காடினர். எவ்வளவு உண்டு, அது எவ்வாறு வளரும் என்று நம் ஆசாரியர் கேள்வியையே மாற்றினர் என்பது நான் கொண்ட கருத்து.

அங்ஙனம் சார்தலையும் உயிர் தனித்துச் செய்வதில்லை. கண் காணும்போது உயிர் உடனிருந்து காட்டியும் தானும் உடன்கண்டும் உதவுகின்றது. அவ்வாறே உயிர் அறியும்போது இறைவன் உடனிருந்து உதவுகின்றான் என்று சிவஞானபோதம் பதினோராஞ் சூத்திரம் கூறும். இதனைக் காட்டும் உதவி, காணும் உதவி என்று பிரித்து விளக்கியவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர். 1785இல் இறைவனடி சேர்ந்தவர். கதிரவன் உதவியின்றிக் கண் காணாது. ஆனால் கதிரவன் கண்ணுக்குப் பதிலாகக் காண்பதும் இல்லை. இறைவனை அன்றி ஓரணுவும் அசையாது என்னும் வழக்கை இப்பொருளிற் கொள்ளவேண்டுமேயன்றி, நான் செய்த களவும் அவன் செயல் என்பதற்குக் கொள்ளலாகாது. தான் செய்ததெல்லாம் அவன் செயல் என்று சொல்லும் தகுதி, தான் என்பது இல்லாமல் இறைபணியில் நிற்பவர்க்கே உண்டு. அவர்க்குக் களவு செய்யும் கையும் இராது.

மெய்கண்டார் பிறந்த வரலாறே இப்பொருளுக்கு உரை போன்றது. திருப்பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளர்க்கு மகப்பேறு இல்லை. தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரிடம் முறையிட்டார். அவர் தேவாரத் திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடினார்க்குப் பிள்ளைப்பேறும் எண்ணிய வரங்களும் வாய்க்கும் என்று சம்பந்தர் அருளிய பாட்டு வந்தது. களப்பாளரும் மனைவியாரும் அத்தலம் சென்று நாள்தோறும் நீராடி வழிபட்டனர். ஒருநாள் இரவு பெருமான் கனவில் தோன்றி, இப்பிறவியில் உனக்கு மக்கட்பேறு இல்லை என்றான் என்பது நம் மரபில் வழங்கும் செய்தி. சொன்னது இறைவன், சொன்ன செய்தி வகுத்த நியதி. வேறு யாரேனும் இருந்தால் மறுநாளே ஊர் திரும்பியிருப்பர். களப்பாளர், நான் சம்பந்தப் பெருமான் வாக்கை நம்பி வந்தேன். இப்பிறவியில் இல்லையேல் வரும் பிறவியிலேனும் கிட்டட்டும் என்று தம் வழிபாட்டைத் தொடர்ந்தார். அவர் பெருமானோடு வாதிடவில்லை, பெற்றே தீருவேன் என்று அடம் பிடிக்கவும் இல்லை. உண்ண வேண்டியது பழைய விளைச்சல் என்பதை ஒப்புக்கொண்டார், விதைப்பதை நிறுத்தவில்லை. சம்பந்தன் வாக்கை நம்பினமையால் தந்தோம் என்று பெருமான் மீண்டும் அருளினான். பிறந்த குழந்தைக்குச் சுவேதவனப் பெருமாள் என்று திருவெண்காட்டு இறைவன் பெயரையே இட்டனர்.

அக்குழந்தை திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்று மெய்கண்டார் ஆயிற்று. தம் மாணவர் பலர் அச்சிறுவரிடம் பாடங்கேட்கச் சென்றதைப் பொறாத சகலாகம பண்டிதர் ஒருநாள் அவரை நாடி வந்தார். ஏட்டில் கயிறு சாத்தி அப்பிறப்புக்கு வழிசொன்னவரே அவர். வந்து நின்று, ஆணவமலத்தின் இயல்பு யாது என்று வினவினார். சிறுவர் வாய்திறவாமல் அவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை நோக்கினார். அவர் நின்ற நிலையே அதற்கு விடை என்பது குறிப்பு. பண்டிதர்க்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. வயதாலும் கல்வியாலும் மூத்தவர், சினந்து திரும்பியிருக்கலாம். அவர் அச்சிறுவர் திருவடியில் விழுந்து அருணந்தி சிவாசாரியர் என்னும் பெயர் பெற்றார். கருவில் அமைந்த ஆறு என்று மேலே நாம் கண்ட செய்யுளை எழுதியவர் இவரே.